தலையில் அடிபட்டால்... எத்தனை கைகள் சேர வேண்டும்?

"ஒண்ணுமில்லே சார்... லேசா தலை இடிச்சுது, அவ்வளவுதான்!"

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எழுகிற பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ரத்தம் வரவில்லை என்றால், சுற்றி நிற்பவர்களும் ஒரு சோடாவைக் குடிக்கக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், மண்டை ஓட்டுக்கு உள்ளே நடப்பது வெளியே தெரியாதே! சிலர் ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று நினைவிழந்து விடுவார்கள். உள்ளே கசிகிற ரத்தம் மெள்ள மெள்ளச் சேர்ந்து மூளையை அழுத்துவதுதான் காரணம்.

இரண்டாவது அடி

தலைக்காயத்தில் மூளைக்கு இரண்டு முறை அடி விழுகிறது. முதல் அடி, மோதுகிற அந்த நொடியில். அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. இரண்டாவது அடி, அடுத்த சில மணி நேரங்களில். மூளை வீங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, பிராணவாயு போதாமல் போகிறது. டாக்டர்கள் போராடுவதெல்லாம் இந்த இரண்டாவது அடியைத் தடுக்கத்தான்.

இதற்கு சாலையோரத்தில் உதவுகிறவர், ஆம்புலன்ஸ், ஸ்கேன் வசதி, மூளை அறுவை நிபுணர், பிறகு பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு சங்கிலியே வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் ஆபத்து. எந்த ஒரு ஆஸ்பத்திரியும் தனியாக இதைக் கோக்க முடியாது. அரசாங்கம் நடுவில் வர வேண்டியது இதற்காகத்தான்.

பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. 2021 டிசம்பர் 18-ம் தேதி, 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குபவர் எந்த மாநிலத்தவரானாலும், இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. தொடக்கத்தில் 81 வகை சிகிச்சைகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். 2025 மே மாதத்தில் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் 7 நாட்கள், 1.5 லட்சம் ரூபாய் வரை.

"உதவப் போய் போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே?" என்ற பயமும் வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படிக்கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

49 நாடுகள் சொன்ன பதில்

மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி, தலையில் அடிபட்டவர்களுக்குப் பல காலம் ஸ்டீராய்டு ஊசி போட்டு வந்தார்கள். நல்லதா, கெட்டதா? ஒரு டாக்டர் தன் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நிதி தர, 49 நாடுகளில் 10,008 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2004-ல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெறாதவர்களில் 17.9 சதவிகிதம், பெற்றவர்களில் 21.1 சதவிகிதம்!

நூறு பேரில் மூன்று உயிர் என்கிற வித்தியாசம், ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதே குழு 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்குத் தருகிற டிரானெக்சாமிக் ஆசிட்டை 3 மணி நேரத்துக்குள் ஊசியாகக் கொடுத்தால், லேசான, நடுத்தரமான தலைக்காயத்தில் இறப்பு குறைவதாகத் தெரிந்தது. (இது ஆஸ்பத்திரியில் தருவது. வீட்டில் நீங்களாக மாத்திரை கொடுத்து விடாதீர்கள்!)

வீட்டுக்கு வந்த பிறகு...

உயிர் பிழைத்து வந்தாயிற்று. ஆனால், "மனுஷர் ஆளே மாறிட்டார்... தொட்டதுக்கெல்லாம் கோபம், சொன்னது மறந்து போகுது" என்று மனைவி கலங்குவார். இது திமிரல்ல, காயத்தின் விளைவு. அமெரிக்காவில் இதற்கென்றே 1996-ல் சட்டம் வந்தது. கணக்கெடுப்பும் தடுப்பும் ஒரு துறைக்கு, ஆராய்ச்சி ஒரு துறைக்கு, மாநிலங்களில் மறுவாழ்வு சேவையை வளர்ப்பது இன்னொரு துறைக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இந்தக் கடைசிக் கண்ணி பெரும்பாலும் குடும்பத்தார் தோளில்தான். ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள்: ஞாபகம், பேச்சு, நடை, மனநிலை இவற்றுக்கு யாரை, எப்போது பார்க்க வேண்டும்? வலிப்பு மாத்திரை எத்தனை நாள்? வண்டி ஓட்டலாமா? ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள்!

* சிறிது நேரமே ஆனாலும் நினைவிழந்தால்
* திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி
* வலிப்பு, குழறும் பேச்சு, கை கால் பலவீனம்
* எழுப்பினாலும் விழிக்காத தூக்கம்
* மூக்கு, காதிலிருந்து ரத்தம் அல்லது நீர் வடிதல்
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசான அடி பட்டாலும்கூட

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த பெரியவர்களைச் சில வாரங்கள் கவனியுங்கள். தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தால் டாக்டரிடம் பழைய அடியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.