முடிவு தெரிந்த கதை

மாசித் திங்களில் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்வதை நேயர்கள் அறிவர். சிவனது நெற்றிக்கண் மன்மதனை எரித்துவிடும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த முடிவே. ஆயினும் தப்பொலி எழுந்ததும் லயங்கள் விழித்துக்கொள்கின்றன. இரதியும் மதனும் லயம் லயமாக ஆடிச் செல்ல, தோட்டம் முழுவதும் ஆடுகளமாகிறது. காண்போரும் கதைக்குள் வந்துவிடுகின்றனர்.

ராக்ஸ்டார் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்னும் வீடியோ விளையாட்டு உலகெங்கும் விரும்பப்படுவதற்கும் இத்தகைய காரணமே உண்டு. அது 1899ஆம் ஆண்டின் அமெரிக்காவில் நிகழும் கதை. நாயகன் ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக்காரன். கடன் வசூலிக்கச் சென்று நோயாளி ஒருவனை அடிக்கையில் அவனுக்குச் சயரோகம் தொற்றுகிறது. அதன்பின் மரணம் உறுதி. ஆனால் அதுவரை செல்லும் வழி ஆடுபவர் கையில் இருக்கிறது. குதிரையேறி மலையிலும் சமவெளியிலும் விரும்பியவாறு திரியலாம், மீன் பிடிக்கலாம், வழியில் தவிப்பவனுக்கு உதவலாம், அன்றி அவனைக் கொள்ளையிடலாம். அச்செயல்களுக்கேற்ப ஆர்தரின் இறுதிக் கணம் அமைதியாகவோ கொடியதாகவோ முடிகிறது.

துப்பாக்கிச் சண்டைகள் மலிந்த இவ்விளையாட்டு சிறுவர்க்கு உரியதன்று. எனினும் அதன் கவர்ச்சி துப்பாக்கியில் மட்டும் இல்லை. முடிவு யாது என்பதைவிட, முடிவை எதிர்நோக்கும் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே நெஞ்சைப் பிணிக்கிறது. இரதி தடுத்தும் நில்லாது, தேவர்பொருட்டுச் சிவனது தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதனுக்காகத் தோட்டமே கண்கலங்குவதும் அதனாலன்றோ?