ஐயாயிரம் ரூபாய் தலையணை... நல்ல தூக்கம் தருமா?

வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்று எதையாவது கையோடு கொண்டு வருவார்கள். அன்றைக்கு வந்த தம்பதி ஒரு தலையணையைக் கொண்டு வந்திருந்தார்கள்! ஜவுளிக்கடைப் பைக்குள் திணித்திருந்ததை அந்த அம்மா வெளியே இழுத்து என் மேஜை மேல் வைத்தார்.

“நீங்களே பாருங்க டாக்டர். இவரு ஐயாயிரம் ரூபா கொடுத்து வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு மாசமா இதுலதான் படுக்கறேன். தூக்கமும் வரலை. காலையில எழுந்தா கழுத்தைத் திருப்பவும் முடியலை.”

கணவருக்கு முகம் வாடிவிட்டது. “மெமரி ஃபோம் சார். கழுத்து வலிக்கு இதைவிட ஒசத்தி கிடையாதுன்னு கடையில சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. பாவம், ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு இருக்காளேன்னுதான்...” என்று இழுத்தார்.

அம்மாவுக்கு ஐம்பது வயது. ஒல்லியான உடல்வாகு, குறுகலான தோள்கள். கணவர் அதற்கு நேர்மாறு. அகன்ற தோள், தடித்த கழுத்து, கொஞ்சம் தொந்தி.

“எப்படிப் படுப்பீங்கம்மா?”

“மல்லாந்துதான் டாக்டர்.”

தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சரக்குதான். ஆனால் உயரம்? உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்து ஸ்கேலை வைத்தால், அப்போதும் நாலு அங்குலத்துக்குக் குறையவில்லை.

“தலையணை மேல தப்பு இல்லம்மா. உங்க கழுத்துக்குத்தான் இது தப்பு!” என்றேன்.

கழுத்து கேட்பது என்ன?

நம் தலையின் எடை கிட்டத்தட்ட நாலரை, ஐந்து கிலோ. பகல் முழுக்க அதைச் சுமப்பது கழுத்தில் உள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும்தான். கழுத்துக்கு இயற்கையிலேயே முன்பக்கமாக ஒரு மெல்லிய வளைவு உண்டு. ராத்திரி படுத்த பிறகும் அந்த வளைவு அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் தசைகளுக்கு ஓய்வு. தலையணையின் வேலை அவ்வளவுதான். தலைக்கு மெத்தென்று இருப்பதைவிட, கழுத்துக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவதே முக்கியம்.

மல்லாந்து படுப்பவருக்கு இந்த இடைவெளி குறைவு. தலை வைத்து அழுந்திய பிறகு 2, 3 அங்குலம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் முகவாய் நெஞ்சைத் தொடப் போகும். ராத்திரி முழுக்கக் குனிந்தபடியே புத்தகம் படித்த மாதிரி! காலையில் கழுத்து பிடிக்காமல் என்ன செய்யும்?

ஒருக்களித்துப் படுப்பவர் கதை வேறு. தோள் அகலம் நடுவில் வந்து விடுகிறதே! காதுக்கும் தோளின் ஓரத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவு உயரம் தேவை. பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு மேல் வரும். அகன்ற தோள் உள்ளவருக்கு இன்னும் கொஞ்சம் கூடும். இவர்கள் தட்டையான தலையணையில் படுத்தால் தலை ஒரு பக்கமாகத் தொங்கும்.

குப்புறப் படுப்பவர்கள்? அவர்களுக்கு உயரமான தலையணை ஆகவே ஆகாது. கழுத்தை ஒரே பக்கம் முறுக்கி வைத்து மணிக்கணக்காகப் படுக்கிற பழக்கத்தையே மெல்ல மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். கோரைப்பாயில் படுத்தால் தோள் கீழே இறங்காது. தலையணை சற்று உயரமாக வேண்டும். அதே ஆள் மெத்தென்ற மெத்தையில் படுத்தால் தோள் அமுங்கிவிடும், உயரம் குறைய வேண்டும். புது மெத்தை வாங்கிய பிறகு கழுத்து வலி வந்ததாகச் சொல்பவர்கள் தலையணையை மாற்றிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஆக, கடைக்காரர் உங்கள் தோளை அளக்கவில்லை. நீங்கள் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்கவுமில்லை. அப்புறம் எப்படி எல்லோருக்கும் ஒரே தலையணை ‘பெஸ்ட்’ ஆகும்?

விலை எதற்கு?

மெமரி ஃபோம் சாமானியப்பட்டதல்ல. 1966-ல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆராய்ச்சியில், விமான இருக்கைகளுக்காக உருவான பொருள் அது. உடல் சூட்டில் இளகி, அழுத்துகிற வடிவத்துக்கு ஏற்ப அமையும். ரப்பர் பாலில் செய்கிற லேடெக்ஸ் தலையணையும் நல்லதுதான். அமுங்கினாலும் எழும்பும், பல வருஷம் உழைக்கும். இதற்கெல்லாம் விலை கொடுக்கிறோம். சரி. ஆனால் நம் ஊர் வெக்கையில் ஃபோம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிடரி வியர்க்கிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தூக்கம் வரும் நேரத்தில் உடம்பின் சூடு லேசாகக் குறைய வேண்டும். அதைக் கெடுக்கிற எதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

நம் இலவம் பஞ்சையும் மறந்துவிடாதீர்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சு இன்றைக்கும் பேர்போனது. ஔவையார் ஆத்திசூடியிலேயே தூங்குவதற்கு இலவம் பஞ்சைத்தான் சிபாரிசு செய்திருக்கிறார். காற்றோட்டம் உண்டு, கனம் கிடையாது, விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். உயரம் அதிகமாக இருந்தால் தையலைப் பிரித்து ஒரு கை பஞ்சை எடுத்துவிட்டால் தீர்ந்தது! ஐயாயிரம் ரூபாய் தலையணையில் இதைச் செய்ய முடியுமா? ஒரே குறை, நாளாவட்டத்தில் கட்டி தட்டிப்போகும். வெயிலில் போட்டு உதறி, தேவைப்பட்டால் பஞ்சை மாற்ற வேண்டும்.

தலையணையைப் பற்றிய ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. பொருத்தமான தலையணை கழுத்து வலியைக் குறைக்கலாம். ஆனால், தலையணையை மாற்றினாலே தூக்கம் நன்றாக வரும் என்பதற்குப் பலமான சான்று கிடையாது.

அந்த அம்மாவிடம், “வீட்டுல பழைய இலவம் பஞ்சு தலையணை இருக்கா?” என்று கேட்டேன். பரணில் இருப்பதாகச் சொன்னார். “அதை வெயில்ல காயவச்சு பதினைஞ்சு நாள் படுத்துப் பாருங்க” என்று சொல்லி, கழுத்துக்குத் தடவ ஒரு தைலத்தையும் கொடுத்து அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து...

சொன்னபடி வந்தார்கள். “கழுத்து வலி முக்கால்வாசி போயிடுச்சு டாக்டர்!” என்றார் அந்த அம்மா. ஆனால், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் அப்படியே இருந்தது.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் நாடியைப் பிடிக்கும் முன்னாலேயே, “ராத்திரி எப்படித் தூங்கினே?” என்று நோயாளியிடம் கேட்பார். சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களில், அதாவது அடக்கக்கூடாத இயற்கை உந்துதல்களில், தூக்கமும் ஒன்று. “தூக்கம் வரலைன்னு சொன்னா மருந்து எழுதாதே. எது தடுக்குதுன்னு கேளு” என்பார். அது ஞாபகம் வந்தது.

“தூக்கம் வரலையா, வந்தும் தூங்காம இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

அம்மா கணவரைப் பார்த்தார். சட்டென்று கண் கலங்கிவிட்டது.

“இவரு குறட்டை விடுவாரு டாக்டர். அது பழகிடுச்சு. ஆனா நடுவுல சத்தம் நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எழுந்து உக்காந்து மூக்குக்கிட்ட கை வச்சுப் பார்ப்பேன். அப்புறம் திணறிக்கிட்டு ஒரு பெரிய மூச்சு விடுவாரு. திரும்பப் படுப்பேன். மறுபடி நின்னுடும். ஒரு வருஷமா இதேதான். சொன்னா பயந்துடுவாருன்னு சொல்லலை.”

கணவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் தலைபாரம். ஆபீஸில் மத்தியானமானால் கண்ணைச் சொருகும். போன மாதம் சிக்னலில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே கண்ணயர்ந்து, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்திருக்கிறார்! ரத்த அழுத்தமும் மாத்திரைக்கு அடங்காமல் இருந்திருக்கிறது.

அந்த அம்மாவின் தூக்கம் போனது தலையணையால் அல்ல. கணவரின் மூச்சுக்குக் காவல் இருந்ததால்!

குறட்டையா, ஆபத்தா?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுவதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்படும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். மூளை பதறிப்போய் எழுப்பும். இது ஒரு மணி நேரத்தில் 5 தடவையோ அதற்கு மேலோ நடந்தால் கவனிக்க வேண்டிய நோய். தூங்குகிறவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் பக்கத்தில்.

இதற்குத் தலையணை மருந்தல்ல. நான் கொடுக்கிற சூரணமோ லேகியமோகூட முதல் வைத்தியம் அல்ல. இதைச் சொல்ல ஒரு சித்த மருத்துவனாக எனக்கு வெட்கமில்லை. அவரை அன்றைக்கே நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். ராத்திரி தூங்க வைத்து எடுக்கிற பரிசோதனையில், மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுவது தெரிந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற, காற்றழுத்தம் தருகிற ‘சிபாப்’ கருவி கொடுத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கான உணவு முறையை நான் எழுதிக் கொடுத்தேன்.

கடைக்குப் போகுமுன்...

* முதலில் வீட்டிலேயே சோதியுங்கள். இருக்கிற தலையணை தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். உயரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு வெறும் துண்டை மடித்தே படுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் உயரம் தெரிந்துவிடும். அந்த அளவோடு கடைக்குப் போங்கள்.

* பாலியஸ்டர் தலையணையை இரண்டாக மடித்து விடுங்கள். தானாக விரியாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

* உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

* நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தலையணை மேல் தலையணை அடுக்க வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். இடப்பக்கமாகப் படுங்கள். தேரையர் சொன்னதும் இடப்பக்கம்தான்.

* ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும் வேண்டாம். மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

* சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்து ஐந்து, ஆறு மணி நேரம் கழிந்தும் அதன் வீரியத்தில் பாதி உடம்பில் நிற்கும். செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள்.

* பாலில் சாதிக்காய்ப் பொடி கலந்து குடிக்கிறவர்கள் கவனம்! ஒரு சிட்டிகைக்கு மேல் போகக்கூடாது. அளவு மீறினால் நஞ்சு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே வேண்டாம்.

* கழுத்து வலி கைக்கு இறங்கினாலோ, கை மரத்துப்போனாலோ, பிடிப்பு குறைந்தாலோ தலையணையை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஆக, விலை உயர்ந்த தலையணை வாங்கலாமா? அளவு பொருந்தி, கையில் காசும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கழுத்துக்கு நல்லது. ஆனால், மூன்று வாரம் நல்ல தலையணையில் படுத்தும் காலையில் அசதியோடு எழுந்தால், நாலாவது தலையணையைத் தேடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரிடம், “ராத்திரி நான் எப்படித் தூங்கறேன்?” என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்குக் காசு செலவே இல்லை!

மூன்று மாதம் கழித்து அந்தத் தம்பதியைக் கோயிலில் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் நல்ல தெளிச்சி.

“இப்பல்லாம் படுத்தா விடியத்தான் முழிக்கறேன் டாக்டர். இவரு மூச்சுக்கு மெஷின் காவல் இருக்கு” என்று சிரித்தார்.

“அந்த ஐயாயிரம் ரூபாய் தலையணை என்னாச்சு?” என்று கேட்டேன்.

“நான்தான் வச்சிருக்கேன் சார்” என்றார் கணவர். “டாக்டர் ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாரு. என் தோளுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!”