உறுமி ஏறிய ராப்

சென்ற வாரம் 'அருளர்' ஆல்பத்தோடு நிறுத்தியிருந்தோம். 2005-ல் வந்த அந்த முதல் ஆல்பத்துக்கு ராப் பாடகி மாயா அருட்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ., தன் அப்பாவின் இயக்கப் பெயரைச் சூட்டினார். ஈழ விடுதலைக்கான ஈரோஸ் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான அப்பா, பிள்ளைகளோடு இருந்த காலம் சொற்பம். இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர்: 'கலா'. போர்க்கால யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு அகதியாக வந்து, தையல் வேலை செய்து அவர்களை ஆளாக்கியவர்.

இந்த ஆல்பத்துக்கு முதலில் போட்ட திட்டமே வேறு. அமெரிக்கா போவது, அப்போது கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர் டிம்பலேண்டோடு உட்கார்ந்து வேலையை முடிப்பது. ப்ரூக்ளினில் வீடு கூடப் பார்த்தாயிற்று. 2006-ல் விசா மறுக்கப்பட்டது. பாட்டு வரிகளும் அப்பாவின் அரசியலும்தான் காரணம் என்று பரவலாகப் பேச்சு.

விசா கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகிக்க வேண்டியதில்லை, ஆல்பத்திலேயே பதில் இருக்கிறது. பிற்பாடு அனுமதி கிடைத்து டிம்பலேண்டோடு செய்த 'கம் அரவுண்ட்' கடைசிப் பாட்டாக இடம்பெற்றிருக்கிறது. மோசமில்லை. ஆனால் அன்றைய அமெரிக்க ரேடியோவில் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கக்கூடிய பாட்டு. முழு ஆல்பமும் அப்படி வந்திருந்தால் நான் இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அமெரிக்கா கதவைச் சாத்தியதும் அவர் வந்த ஊர்களில் ஒன்று சென்னை. ஏ.ஆர்.ரகுமானைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து இசையமைப்பது அந்தச் சமயத்தில் கைகூடவில்லை. ஆனால் ரகுமான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார், வாத்தியக்காரர்களின் தொடர்பும் கொடுத்தார். அங்கே பதிவானதுதான் உறுமி மேளம்.

உறுமியின் ஒரு பக்கத்துத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல் எழும். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்டுப் பழகிய நமக்கு அது தெருச் சத்தம். ராப் தயாரிப்பாளரின் காதுக்கு அது தயாராகக் கிடைத்த பேஸ். எலெக்ட்ரானிக் கருவியில் ஓர் இரவு முழுக்கப் போராடினாலும் வராத நெளிவும் சுருதி இழுப்பும் அதில் இயல்பாகவே உண்டு. 'போய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டும் இந்த மேளத்தின் மேல் கட்டப்பட்ட பாட்டுகள். 'பேர்ட் ஃப்ளூ'வில் கோழிகள் வேறு கொக்கரிக்கும். வானொலிக்காரர்கள் மிரண்டுபோகிற மாதிரியான பாட்டைத்தான் ஆல்பத்துக்குப் பல மாதம் முன்பே, முன்னோட்டமாக, துணிந்து வெளியே விட்டார்.

முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வை ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். 1991-ல் வந்த 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' உள்ளே ஓடுகிறது. அமெரிக்க ராக் பாடகர் ஜொனாதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' பாட்டின் சாயலும் இளையராஜாவும் ஒரே பாட்டில்! 'ஜிம்மி' நேரடியாக 1982-ன் 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டு. பப்பி லஹிரியின் அந்த மெட்டுக்குச் சிறுவயதில் விருந்துகளில் ஆடியவர் மாயா.

டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பயணம் நீண்டது. ஆஸ்திரேலியாவில் வில்கேனியா என்ற சிற்றூரின் பழங்குடிச் சிறுவர்கள் பாடிய ராப்பை ஒரு பாட்டாக்கினார். போன இடத்தில் எல்லாம் கிடைத்த ஒலியை அள்ளிக்கொண்டு வந்து, லண்டன் தயாரிப்பாளர் ஸ்விட்ச்சோடு சேர்ந்து கோத்ததுதான் பெரும்பகுதி ஆல்பம்.

விசாக் கோபம் முழுசாக இறங்கிய இடம் 'பேப்பர் பிளேன்ஸ்'. குடியேற வருகிறவனைப் பார்த்தாலே திருடன், துப்பாக்கிக்காரன் என்று நினைக்கிறாயா, சரி, அப்படியே வைத்துக்கொள் என்கிற கிண்டல். பல்லவியில் வார்த்தைக்குப் பதில் துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. பின்னால் சுழல்வது தி கிளாஷ் குழுவின் 1982-ம் வருடத்து 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. அதுவும் குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையும் பற்றிய பாட்டு. தயாரிப்பாளர் டிப்லோ இதை எடுத்துக் கோத்தது சாமர்த்தியம். எம்.டி.வி.க்கு அந்த வெடிச்சத்தம் பிடிக்கவில்லை, அடக்கித்தான் ஒளிபரப்பினார்கள்.

2007 ஆகஸ்டில் ஆல்பம் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 18-ம் இடம், சொந்த ஊரான பிரிட்டனில் 39. பெரிய வசூல் இல்லை. விமர்சகர்கள்தான் கொண்டாடினார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. பாராட்டிலும் ஒரு முள் இருந்தது. ஒலி புதிதாக இருந்தால் உடனே ஆண் தயாரிப்பாளர் பெயரைத் தேடினார்கள். எல்லாவற்றையும் டிப்லோ கணக்கில் எழுதுவதைப் பற்றி மாயா அந்த வருடமே பேட்டியில் வெடித்தார். நியாயமான கோபம். அதே அளவுகோலை நாமும் வைத்துக்கொண்டால், அந்த உறுமிக் கலைஞர்கள் யார் என்று விசாரித்த விமர்சனம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

கூட்டம் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் டிரெய்லரில் 'பேப்பர் பிளேன்ஸ்' ஒலித்ததும் பாட்டு ஏறத் தொடங்கி, 2008-ல் பில்போர்டின் 4-ம் இடம் வரை போனது. பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தது. அதில் அன்று கைகூடாத ரகுமான் கூட்டணியும் 'ஓ சாயா'வாக நிறைவேறி, ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. 2009 பிப்ரவரியில் ராப் பாடகர்கள் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரோடும் கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார்.

அப்பா பெயர், அம்மா பெயர் முடிந்து, 2010-ல் மூன்றாவது ஆல்பத்துக்குத் தன் பெயரையே வைத்தார். கைதட்டிய அதே பத்திரிகைகளில் சில இந்தமுறை ஏன் முகம் சுளித்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)