கேட்காமலே பெயர் சொல்லும் விமானம்

வரைபடத்தில் சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரு நேர்க்கோடு போட்டால், அது காரைக்காலுக்குச் சற்றுக் கிழக்கே கடல்மேல் போகும். மேற்கே தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானங்களின் 222-ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டிருக்கிறது. காரைக்காலில் விமான நிலையம் இல்லைதான். ஆனால் நம் தலைக்கு மேலே உள்ள வானம் காலியாக இல்லை.

கடற்கரைப் பக்கத்து டீக்கடையில் விசைப்படகு ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அவ்ளோ உசரத்துல போறது யாருன்னு கீழ இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியுது? மிலிட்டரி சிக்னலத்தான் இதுக்கும் போட்டிருக்காங்களாமே?"

ஆமாம், வேர் ராணுவத்தில்தான். பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ரேடார் முதலில் வந்தபோது அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: அங்கே ஏதோ இருக்கிறது. அனுப்பிய அலை எதிலோ பட்டுத் திரும்பும். திரையில் ஒரு புள்ளி விழும். அது நம்முடையதா, எதிரியுடையதா என்று புள்ளி சொல்லாது. 1939 செப்டம்பர் 6, பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாள். தவறான எச்சரிக்கையை நம்பிக் கிளம்பிய பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள், பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். நண்பனை அடையாளம் காட்டும் கருவி எவ்வளவு அவசரம் என்பதை அந்தச் சாவு உணர்த்தியது. போர்க்காலத்தில் வளர்ந்த 'நண்பனா பகைவனா' கருவிதான், இன்றைய விமானங்களிலிருந்து பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டருக்கு மூதாதை.

பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் வகுப்பில் தலைகளை மட்டும் எண்ணினால் அது பழைய ரேடார். "யாரப்பா நீ?" என்று கேட்டு, பையன் தன் பெயரைச் சொன்னால் அது இரண்டாம் வகை ரேடார். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும். விமானத்திலிருந்து 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் வரும். போருக்குப் பின் வந்த 'மார்க் 10' என்ற ராணுவ அமைப்பின் அலைவரிசைகள் இவை. அதன் மூன்றாம் முறையைத்தான் சிவில் விமானங்கள் 'ஏ' முறை என்று எடுத்துக்கொண்டன. இன்றும் அதே அலைவரிசைகள்தான்.

அந்தப் பதிலில் நான்கு இலக்க எண் ஒன்று வரும். 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டும் என்பதால் மொத்தம் 4,096 எண்கள். 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ பழுது, 7700 என்றால் ஆபத்து. 'சி' முறையில் உயரமும் சேர்ந்து வரும்.

உயரம் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தியா மிகுந்த வலியோடு கற்றது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி அரேபியாவின் போயிங் 747-உம் கஜகஸ்தானின் இல்யூஷின்-76-உம் மோதின. 349 பேர் இறந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அன்று டெல்லி கன்ட்ரோலரின் திரையில் இருந்தது பழைய வகை ரேடார். புள்ளிகள் தெரிந்தன, உயரம் தெரியவில்லை. அதற்குப் பிறகே டிரான்ஸ்பாண்டர் பதில்களைக் கேட்டு விமானிகளை எச்சரிக்கும் மோதல் தடுப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமானது.

"சரிண்ணே, கேட்டாத்தானே பதில் சொல்லும்? கேட்க ஆளில்லாத நடுக்கடல்ல?" என்றார் தம்பி. சரியான கேள்வி. அதற்கான விடையின் கருவும் ராணுவத்திடம் இருந்தது.

அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் பயன்படுத்தும் 'லிங்க் 16' என்ற தரவுத் தொடர்பில், ஒவ்வொரு போர் விமானமும் தான் யார், எங்கே இருக்கிறது என்பதைத் தன் கூட்டாளிகளுக்கு யாரும் கேட்காமலே அறிவித்துக்கொண்டிருக்கும். ஒரு நொடியை 128 துண்டுகளாக வெட்டி, இன்னாருக்கு இந்தத் துண்டு என்று பங்கிட்டிருப்பார்கள். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட வேண்டியதில்லை. அலைவரிசையும் 51 இடங்களுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்கும் அது, சிவில் விமானங்களின் 1030-ஐயும் 1090-ஐயும் மட்டும் தொடாமல் விலகிப் போகும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இதையே அப்படியே பயணிகள் விமானத்தில் வைக்க முடியாதா? முடியாது. லிங்க் 16-இன் உயிர் அதன் ரகசியச் சாவியில் இருக்கிறது. சாவி இல்லாதவர் கேட்கவும் முடியாது, பொய்யாகப் பேசவும் முடியாது. சிவில் வானத்துக்குத் தேவை இதற்கு நேர்மாறானது. கொழும்பு விமானம் சொல்வது சென்னைக்கும் கேட்க வேண்டும், எதிரே வரும் வேற்று நாட்டு விமானத்துக்கும் கேட்க வேண்டும். உலக நாடுகள் அனைத்துக்கும் ஒரே சாவியைக் கொடுத்தால் அது சாவியே அல்ல.

ஆகவே சிவில் வான்துறை, தானே அறிவிக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டது, பூட்டை வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் ஏடிஎஸ்-பி. விமானம் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தை அறிந்து, நொடிக்கு இரண்டு முறை அதே 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும். ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் கொண்ட தனி அடையாள எண் உண்டு. இந்திய விமான நிலைய ஆணையம் நாடெங்கும் இதற்கான தரை நிலையங்களை அமைத்திருக்கிறது. சிறிய ரிசீவர் ஒன்றைக் காரைக்காலில் மொட்டை மாடியில் வைத்தால், உயரத்தில் பறப்பதைச் சென்னை வானம் வரைகூடக் கேட்கலாம். கைப்பேசியில் விமானம் நகர்வதை நாம் பார்ப்பது இப்படித்தான்.

படகுக்காரருக்கு இதில் இன்னொரு சேதியும் உண்டு. ஸ்வீடனின் ஹாகன் லான்ஸ், நேரத்தைத் துண்டு போட்டு விமானங்கள் தாங்களே பங்கிட்டுக்கொள்ளும் ஒரு முறையை உருவாக்கினார். உலக வான்துறை 1090-ஐத் தேர்ந்தெடுத்தது; லான்ஸின் முறையைக் கடல்துறை ஏற்றுக்கொண்டது. கப்பல்களிலும் பெரிய படகுகளிலும் இருந்து இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி அதுதான். ஒரு நிமிடத்தை 2,250 துண்டாக்கிப் பேசுகிறது.

நடுக்கடல் கேள்விக்கு வருவோம். பூமி வளைந்திருப்பதால், பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம்கூடச் சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் தரை ஆன்டெனாவுக்கு மறைந்துவிடும். வங்கக் கடலின் நடுவே அதனால்தான் வெற்றிடம். இப்போது இரிடியம் அமைப்பின் 66 செயற்கைக்கோள்களில் உள்ள ஏரியான் ரிசீவர்கள் அந்த ஒலிபரப்பை மேலிருந்து கேட்கின்றன. சென்னையின் பொறுப்பில் உள்ள கடல் வான்பகுதிக்கும் இந்தச் சேவையைப் பெற நம் ஆணையம் ஒப்பந்தம் செய்தது.

இவ்வளவு நன்மைக்கும் நடுவே ஒரு மாற்றம் கண்ணுக்குப் படாமல் நடந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான். பழைய கேள்வி-பதில் முறையில் விமானம் தன் பெயரையும் உயரத்தையும் சொன்னது. அது இருக்கும் இடத்தைத் தரையிலுள்ள ரேடார் தானே அளந்தது. ஏடிஎஸ்-பியில் இடத்தையும் விமானமே சொல்கிறது. ராணுவத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவி சாட்சி. சிவில் வானில் சாட்சி இல்லை. ஜிபிஎஸ்ஸை யாராவது ஏமாற்றினால், விமானம் நல்லெண்ணத்தோடே தவறான இடத்தைச் சொல்லும். இந்த ஆபத்து குறித்து 2023 நவம்பரில் இந்தியாவின் சிவில் விமானத் துறை இயக்குநரகமான டிஜிசிஏ, விமான நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியது. கருவி பேசாமலே போகலாம் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2014 மார்ச் 8 அன்று மலேசியாவின் எம்எச்370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் நின்ற பிறகும் அதைத் தொடர்ந்து கண்டது, பதிலை எதிர்பாராத ராணுவ ரேடார்தான்.

"அப்போ மறுபடி பூட்டு போடணுமாண்ணே?" வேண்டாம் தம்பி. எல்லோருக்கும் கேட்பதால்தான் எல்லோரும் விலகிப் போகிறார்கள். அந்தத் திறந்த தன்மையே பாதுகாப்பு. வேண்டியது தனியாக அளக்கும் சாட்சி. ஒரே சிக்னல் பல நிலையங்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு, ஜிபிஎஸ் தயவில்லாமல் விமானத்தின் இடத்தைக் கணக்கிட முடியும். பழைய ரேடாரும் இருக்கிறது. அதைப் பராமரிக்கச் செலவு அதிகம், புதியது வந்துவிட்டது, இது எதற்கு என்ற வாதம் எந்த நாட்டிலும் எழக்கூடியது. விமானம் சொல்வதை நம்பலாம். ஆனால் அதைச் சரிபார்க்கும் கண்ணை எடுத்துவிட்டு நம்பக் கூடாது. அந்தச் செலவு சில நூறு உயிர்களுக்காகச் செய்யப்படுவது, அதைக் குறைக்க விடக் கூடாது.