பால் குடித்தால்தான் அழும் பிள்ளை

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல நாம் அனைவரும் கேட்டிருப்போம். வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது அதன் பொருள். ஆனால், பால் குடித்த பிறகுதான் அழவே தெம்பு வரும் என்ற நிலையில் ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வது? என் இறுதியாண்டுத் திட்டப்பணியில் அப்படியொரு பிள்ளையிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் வரிசை எவ்வளவு நீளம் என்பதை அறையிலிருந்தே பார்க்க வேண்டும். இதுவே என் திட்டம். அதற்காக உள்ளங்கை அளவு கணினிப் பலகை ஒன்றை வாங்கினேன். அதில் நான்கு யூ.எஸ்.பி. துளைகள் இருந்தன. ஒன்றில் கேமரா, மற்றொன்றில் வைஃபை கருவி. பலகையோடு வந்த பழைய லினக்ஸில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கேமரா மென்பொருளுக்குப் புதிய கெர்னல் தேவைப்பட்டதால் அதை நிறுவினேன். அத்துடன் நான்கு துளைகளும் செத்துப் போயின. பலகை எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணத்தில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே ஊமையாக இருந்தது. படைப்புக்கு மூன்று வாரங்களே இருந்தன.

கழக நிகழ்ச்சிக்கு வந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, அந்தச் சில்லுக்குக் கரண்டு போகுதான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்றிரவு மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம்!

தானே பெயர் சொல்லும் சாதனம்

பென்டிரைவைச் செருகியதும் கணினி அதை எப்படி அடையாளம் காண்கிறது? யூ.எஸ்.பி.யின் சிறப்பே அதுதான். செருகப்பட்ட சாதனம் தன் மின்தடை மூலம் ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று கணினி அறிந்துகொண்டு, 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றை அதற்கு முகவரியாகத் தருகிறது. பிறகு 'நீ யார்?' என்று கேட்கிறது. சாதனம் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. அவற்றைக் கொண்டு, இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல் பொருத்தமான இயக்கியைத் தேடிப் பிடிக்கிறது.

ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பும் இதே விதிக்கு உட்பட்ட ஒரு யூ.எஸ்.பி. சாதனம்தான். கடையில் வாங்கும் ஹப் கம்பி வழியே வரும் 5 வோல்ட்டில் உடனே விழித்துக்கொண்டு பெயர் சொல்லிவிடும். பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட ஹப்பின் கதை வேறு. என் பலகையில் இருந்தது 2514 என்ற நான்கு துளைச் சில்லு. அதற்கான 3.3 வோல்ட் மின்சாரம் தனியொரு மின்சீராக்கியிலிருந்து வருகிறது. அதைத் திறப்பதும் மூடுவதும் மென்பொருளின் கையில். சில்லை உறக்கத்தில் வைத்திருக்கும் ரீசெட் முனையும் அப்படியே. இவை இரண்டும் யூ.எஸ்.பி. கம்பிக்கு வெளியே இருப்பவை.

சிக்கல் இப்போது புரிகிறதல்லவா? மின்சாரம் வந்தால்தான் ஹப் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும். அது இருப்பது தெரிந்தால்தான் கெர்னல் மின்சாரம் தரும். இருவரும் ஒருவர்க்காக ஒருவர் காத்துக்கொண்டே இருப்பார்கள். பழைய கெர்னலில், அந்த மின்சீராக்கியை எப்போதும் திறந்தே வைக்கும்படி ஒரு குறுக்குவழி எழுதப்பட்டிருந்தது. புதியதில் அது இல்லை. எத்தனை பலகை வாங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

சாதன மரம்

தானாகப் பேச முடியாதவற்றைக் கெர்னலுக்கு அறிமுகம் செய்ய ஓர் ஏற்பாடு உண்டு. அதுவே டிவைஸ் ட்ரீ எனப்படும் சாதன மரம். 1994-ஆம் ஆண்டின் ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்தில் இதன் வேர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏ.ஆர்.எம். பலகை ஒவ்வொன்றின் விவரமும் கெர்னலுக்குள்ளேயே நிரலாக எழுதப்பட்டுக் குவிந்தது. 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை வெளிப்படையாகக் கடிந்துகொண்ட பின், அவ்விவரங்கள் சாதன மரத்திற்கு வேகமாக மாறத் தொடங்கின. இது கட்டளை நிரலன்று. வன்பொருள் எப்படி இருக்கிறது என்று விவரிக்கும் கோப்பு. கணினி தொடங்கும்போது, பூட்லோடர் இதைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது.

பலகையில் பதிந்த ஹப்புக்கென்றே ஓர் இயக்கி, 2022 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 6.0-இல் சேர்ந்தது. அதற்காக நான் எழுதவேண்டியிருந்தது, யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியின் கீழ் ஒரு சிறிய கிளை மட்டுமே. அதில் நான்கு செய்திகள்:

முதலாவது, பெயர்: 'யூ.எஸ்.பி.424,2514'. முன்னது தயாரிப்பாளர் எண், பின்னது பொருள் எண். இரண்டும் பதினறும முறையில் எழுதப்பட்டவை. சில்லு விழித்த பிறகு தன் வாயால் சொல்லப்போகும் அதே எண்களை நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது, கட்டுப்படுத்தியின் எத்தனையாவது துளையில் அது இணைந்திருக்கிறது என்பது.

மூன்றாவது, எந்த மின்சீராக்கி அதற்கு உணவளிக்கிறது என்பது.

நான்காவது, ரீசெட் முனை எந்தக் கம்பியில் இருக்கிறது, எந்த நிலையில் அது செயல்படும் என்பது.

கட்டுப்படுத்தி தயாரானதும் கெர்னல் இக்கிளையைப் படிக்கிறது. இயக்கி மின்சாரத்தைத் திறந்து, ரீசெட்டை விடுவிக்கிறது. ஹப் விழிக்கிறது. அதன் பிறகு எல்லாம் வழக்கமான யூ.எஸ்.பி. முறைப்படியே நடக்கும். யூ.எஸ்.பி. 3 ஹப் என்றால் ஒரே சில்லுக்குள் இரண்டு ஹப்புகள் இருக்கும். 480 மெகாபிட் வேகத்திற்கு ஒன்று, 5 கிகாபிட் வேகத்திற்கு ஒன்று. ஆகவே இரு கிளைகள் எழுதி, ஒன்றுக்கொன்று இணை என்றும் குறிப்பிட வேண்டும்.

ஒரு சொல்லால் வந்த வினை

நான்கு செய்திகளையும் எழுதி, கெர்னலில் அந்த இயக்கியையும் இயக்கிவிட்டு நம்பிக்கையோடு தொடங்கினேன். மீண்டும் மௌனம்! ஆனால், இம்முறை மல்ட்டிமீட்டர் 3.3 வோல்ட் காட்டியது. பால் வந்துவிட்டது, பிள்ளை அழவில்லை. ரீசெட் முனையை அளந்தேன். பூச்சியம். வரைபடத்தைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த முனை தாழ்நிலையில் செயல்படுவது. நானோ உயர்நிலை என்று எழுதியிருந்தேன். இயக்கி 'விடுவிக்கிறேன்' என்று நினைத்த ஒவ்வொரு முறையும், சில்லின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். கேமராவின் சிறு விளக்கு எரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அறைத் தோழனை எழுப்பிக் காட்டினேன். அவன் மகிழ்ந்ததாக நினைவில்லை.

பழைய குறுக்குவழியையே போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிருந்தால் வேலை நடந்திருக்கும். ஆனால், பலகை உறங்கும்போதும் ஹப் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கும். உண்மையை விவரித்துவிட்டால், கணினியை எழுப்ப வேண்டிய சாதனம் எதுவும் இணைந்திராதபோது ஹப்பை அணைத்துவிட்டு உறங்கக் கெர்னலுக்குத் தெரியும். 2024-இல் இந்த இயக்கியின் பெயரில் 'ஹப்' என்ற சொல் நீங்கிச் 'சாதனம்' என்றானது; பதிந்திருக்கும் பிற யூ.எஸ்.பி. சாதனங்களுக்கும் இனி இதே வழிதான்.

திட்டப்பணி தேறியது. இரண்டாவது பலகை இப்போது நம் கழக அறை அலமாரியில் இருக்கிறது. இளையோர் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் சாதனம் பேசவில்லையென்றால், அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அதை யாராவது அறிமுகம் செய்தார்களா என்று முதலில் பாருங்கள்.