சிறுநாட்டின் பெருவாழ்வு

ஒரு நாட்டின் செல்வம் எதனால் வளர்கின்றது? பரந்த நிலத்தாலா? மண்ணுள் மறைந்து கிடக்கும் பொன்னாலும் நிலக்கரியாலுமா? இவை யாவும் இருந்தும் வறுமையில் வாடும் நாடுகள் உள. இவற்றுள் பெரும்பாலானவை இல்லாதிருந்தும் வளங்கொழிக்கும் நாடுகளும் உள. பின்னதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள டென்மார்க்கு ஆகும்.

ஜெர்மனிக்கு வடக்கே கடலுள் நீண்டு கிடக்கும் ஜட்லாந்துத் தீபகற்பமும், அதனை அடுத்துள்ள நானூற்றுக்கு மேற்பட்ட தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. 1620-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை எழுப்பி வாணிகம் நடத்திய டேனியரின் தாயகம் இதுவே. இதன் பரப்பு ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். இங்குள்ள மிக உயர்ந்த குன்றும் 171 மீட்டருக்கு மேற்படாது. மலை இன்மையால் வீழ்ந்து பாயும் பேராறுகளும் இல்லை. இரும்பும் நிலக்கரியும் பிற நாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தன. வடகடலின் அடியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 1972-ஆம் ஆண்டில்தான். அதற்கு நெடுங்காலம் முன்னரே நாடு செழிப்புற்றுவிட்டது.

அச்செழிப்பு இடையூறின்றி வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கு அடுத்தடுத்துத் துன்பங்களுக்கு உள்ளாயிற்று. 1813-இல் அரசின் கருவூலம் வறண்டு, நாணயம் மதிப்பிழந்தது. அடுத்த ஆண்டே நார்வே கைவிட்டுப் போயிற்று. 1864-இல் பிரஷ்யாவுடனும் ஆஸ்திரியாவுடனும் நடந்த போரில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முதலிய வளமிக்க பகுதிகளை நாடு இழந்தது. இழந்த நிலத்தைப் போரால் மீட்கும் வலிமை டேனியரிடம் இல்லை. எனவே, எஞ்சிய நிலத்தைச் செம்மைப்படுத்த அவர்கள் முனைந்தனர். 1866-இல் தால்காஸ் என்னும் பொறியியல் வல்லுநரின் முயற்சியால் தரிசு நிலங்களைத் திருத்துதற்கென ஒரு கழகம் தோன்றிற்று. மேற்கு ஜட்லாந்தில் புதர் மண்டிக் கிடந்த மணல்வெளிகளில் மரங்கள் நடப்பட்டன; வாய்க்கால்கள் வெட்டப்பட்டன; பயனற்ற நிலம் சிறிது சிறிதாக விளைநிலமாயிற்று.

இந்நிலையில் வேறொரு புயல் எழுந்தது. அக்காலத்தில் டேனிய உழவரின் முதன்மையான விளைபொருள் தானியமே. 1870-ஆம் ஆண்டுகளில் இருப்புப்பாதைகளும் நீராவிக் கப்பல்களும் பெருகவே, அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவிற் குவிந்தது, விலை சரிந்தது. ஜெர்மனியும் பிரான்சும் அயல்நாட்டுத் தானியத்தின்மீது வரி விதித்துத் தம் உழவரைக் காக்க முற்பட்டன. டேனியர் அவ்வழியை மேற்கொண்டிலர். தானியம் மலிவது விற்பவனுக்கு இழப்பு, வாங்குபவனுக்கோ ஊதியம். ஆகவே, அம்மலிவான தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாக இட்டு, வெண்ணெயும் இறைச்சியும் முட்டையும் விற்கலாம் என அவர்கள் துணிந்தனர். தொழில்கள் பெருகி நகரங்கள் நிறைந்திருந்த இங்கிலாந்து அவற்றை வாங்கக் காத்திருந்தது.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பெருநிலக்கிழார்கள் நல்ல வெண்ணெய் எடுத்து நல்ல விலைக்கு விற்றனர். நான்கைந்து மாடுகளே வைத்திருந்த எளிய குடியானவரின் நிலை வேறு. வீட்டுக்கு வீடு வெண்ணெயின் சுவையும் நிறமும் வேறுபட்டன. வணிகர் அதனைக் குறைந்த விலைக்கே கேட்டனர். 1878-இல் பாலிலிருந்து பாலேட்டை இடைவிடாது பிரித்தெடுக்கும் சுழற்பொறி வந்தது. அப்பொறி இருப்பின் எவர் வீட்டுப் பாலிலிருந்தும் ஒரே தரமான வெண்ணெய் எடுக்கலாம். ஆனால், அதனை வாங்கும் பொருள்வளம் தனியொரு குடியானவருக்கு ஏது?

தனித்து இயலாததைக் கூடிச் செய்தனர். 1882-ஆம் ஆண்டில் மேற்கு ஜட்லாந்தில் ஹெடிங் என்னும் சிற்றூரின் உழவர் ஒன்றுகூடிக் கூட்டுறவுப் பாற்பண்ணை ஒன்றை நிறுவினர். வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய பால் முழுவதையும் பண்ணைக்கே தருவதென உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். அவ்வுறுதிமொழியை ஈடாகக் கொண்டே கடன் பெற முடிந்தது. கடனுக்கு அனைவரும் பொறுப்பேற்றனர். அவரவர் தந்த பாலின் அளவுக்கேற்ப ஊதியம் பகிரப்பட்டது. பாலேடு நீக்கிய பால் உழவரிடமே திரும்பி வந்து பன்றிகளுக்கு உணவாயிற்று. இத்தகைய பண்ணைகளில் ஐம்பது மாடு உடையவருக்கும் ஒரு வாக்கே. இரண்டு மாடு உடையவருக்கும் ஒரு வாக்கே. பொருளில் எளியவரும் அவையில் நிகரானவராய் அமர்ந்தனர்.

கூட்டுறவு நல்லெண்ணத்தால் மட்டும் நிலைத்துவிடாது. ஒருவர் கொழுப்பு மிக்க பாலைத் தர, மற்றொருவர் நீர்த்த பாலைத் தந்து இருவரும் ஒரே விலை பெறுவாராயின், நேர்மையாளர் மனம் நோவார், பண்ணை உடையும். இதனை நீக்க அறிவியல் துணைபுரிந்தது. பேராசிரியர் ஃபியோர்ட் என்பார் ஒவ்வொருவர் பாலிலும் உள்ள கொழுப்பை எளிதில் அளந்தறிய வழிகண்டார். அதன்பின் பாலின் எடையோடு அதன் தரமும் விலையை முடிவு செய்தது. ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கைக்கு அளவுகோலும் கணக்கேடும் காவலாயின.

இம்முறை விரைந்து பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் கூட்டுறவுப் பாற்பண்ணைகள் இயங்கின. 1887-இல் ஜெர்மனி டேனியப் பன்றிகளைத் தன் நாட்டிற்குள் விட மறுத்தது. அதே ஆண்டில் ஹார்சன்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலை எழுந்தது. பதப்படுத்திய இறைச்சி இங்கிலாந்துக்குச் சென்றது. 1895-இல் முட்டை ஏற்றுமதிக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது.

குடியானவர்க்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வாய்த்தது? அதற்கு விதை முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. 1788-இல், உழவர் மகனைப் பிறந்த பண்ணையோடு கட்டிவைத்த சட்டம் நீக்கப்பட்டது. 1814-இல் சிறார் அனைவருக்கும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. சமய அறிஞரும் கவிஞருமாகிய குருண்ட்விக் என்பார், வளர்ந்த உழவர் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி வேண்டுமென வற்புறுத்தினார். அவர் கருத்தைத் தழுவி, 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி தோன்றிற்று. நுழைவுத் தேர்வோ இறுதித் தேர்வோ இல்லாத அப்பள்ளிகளில் தாய்மொழியும் வரலாறும் பாடலும் பயிற்றப்பட்டன. வெண்ணெய் எடுப்பதை அவை தலைமைப் பாடமாகக் கொள்ளவில்லை. எனினும், அங்குப் பயின்றோர் அவையில் அஞ்சாது பேசவும், பிறர் சொல்லைப் பொறுமையுடன் கேட்கவும் பழகினர். அப்பழக்கமே கூட்டுறவுக்கு உரமாயிற்று.

பழைய முயற்சிகளிலிருந்து புதிய தொழில்களும் கிளைத்தன. ஆஸ்கோவ் என்னும் ஊரின் மக்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பால் லா கூர், 1891-இல் காற்றாலையால் மின்சாரம் எடுக்கும் ஆய்வைத் தொடங்கினார். 1973-இல் எண்ணெய் விலை ஏறி நாடு இடருற்றபோது, அவ்வழியே மீண்டும் நினைவுக்கு வந்தது. 1991-இல் உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதி விண்டபி அருகே அமைந்தது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்தே கிடைக்கின்றது. இறைச்சிச் சாலைகளும் வேறொரு வகையில் பயன்பட்டன. நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக், 1923-இல் டென்மார்க்கில் இன்சுலின் மருந்து செய்வதற்கு அடிகோலினார். அதற்கு வேண்டிய கணையங்களை இறைச்சிச் சாலைகளே தந்தன. பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டே அம்மருந்து செய்யப்படலாயிற்று. 2023-ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சியிற் பெரும்பகுதி மருந்துத் தொழிலால் வந்தது.

இங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஊர்தோறும் இருந்த சிறு பண்ணைகள் மறைந்து, சில பெருநிறுவனங்களாக ஒன்றிவிட்டன. உழவரின் தொகையும் மிகச் சுருங்கிவிட்டது. வயல்களிலிருந்து வழியும் உரச்சத்துக் கடல்நீரைக் கெடுக்கின்றது. ஒரு தொழிலையே மிகுதியும் சார்ந்து நிற்பதிலுள்ள இடரையும் டேனியர் அறிவர். தானியத்தை நம்பி ஒருகால் இடருற்றவர் அல்லரோ அவர்?

நிலம் சுருங்கிய காலத்தில் டேனியர் கல்வியைப் பெருக்கினர். விலை சரிந்த காலத்தில் தொழிலை மாற்றினர். தனித்து நிற்க இயலாத காலத்தில் கூடி நின்றனர். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடிப்பவர் யாவரும் ஒரே திசையில் இழுத்தல் வேண்டும். அத்திசையைத் தாமே ஆராய்ந்து காணும் அறிவும், உடன் இழுப்பவரை ஏமாற்றாத நேர்மையும் மக்களிடம் இருக்குமாயின், சிறிய நாடும் பெருவாழ்வு எய்தும்.