பழைய வண்டியும் நானும் – 12: திரும்பிப் போகும் வழி

சென்ற வாரம் கார்புரேட்டரைப் பற்றி எழுதியபோது, யந்திரத்தின் நோயைப் பெரும்பாலும் அதன் குரலைக் கொண்டே அறிந்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கும் நோய்க்குக் குரல் கிடையாது. வலப்புறமோ இடப்புறமோ திரும்பப் போகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிவிக்கும் அந்த மஞ்சள் விளக்கு கெட்டுப்போனால், வண்டி முன்போலவே ஓடும். எஞ்சினின் துடிப்பில் ஒரு மாறுதலும் இராது. ஏதேனும் ஒரு கடையின் கண்ணாடியில் தன் வண்டியின் பிரதிபிம்பத்தைப் பார்க்க நேர்ந்தாலன்றி, பின்விளக்கு எரியவில்லை என்பதே ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அதை முதலில் அறிகிறவர் பின்னால் லாரி ஓட்டி வருகிறவர் என்பதை நினைக்கும்போது, இதைச் சில்லறைக் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

என்னிடம் இருப்பது என் தகப்பனார் ஓட்டிய புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த இந்த வண்டி, நமது ராணுவத்தின் தேவையை முன்னிட்டு இந்தியாவுக்கு வந்து, 1955-இல் மதராஸ் மோட்டார்ஸாரின் கூட்டுறவோடு என்பீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்ட பிறகு, திருவொற்றியூரிலேயே உற்பத்தியாகத் தொடங்கி, பிறந்த ஊரில் அதன் வம்சம் அற்றுப்போன பின்னும் இங்கே தழைத்த வரலாற்றை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு. அந்த ஆதி வண்டிகளுக்குத் திசை காட்டும் விளக்குகள் கிடையா. அமெரிக்காவில் ப்யூக் கம்பெனியார் 1939ஆம் வருஷத்துக் கார்களிலேயே மின்னி மறையும் விளக்குகளைத் தொழிற்சாலையில் பொருத்தித் தந்தார்கள் என்றாலும், மோட்டார் சைக்கிள்காரர்கள் வெகு காலம் வரையில் கையை நீட்டியே வழி சொல்லி வந்தார்கள். ஆகவே பழைய வண்டிகள் பலவற்றில் இந்த விளக்குகள் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டவை. ஒருவர் சிவப்புக் கம்பியில் தொடங்கியதை மற்றொருவர் பச்சைக் கம்பியில் முடித்திருப்பார். என் வண்டியில் அப்படி மூன்று பேருடைய கைவேலையை நான் அடையாளம் கண்டிருக்கிறேன்.

கோளாறு ஆரம்பமான நாளை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். பின்சக்கரத்து மட்கார்டு துருவேறிப் பொரிந்துபோயிருந்ததால், அதைக் கழற்றிப் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்து, கறுப்புப் பளிங்கு போல் அது திரும்பி வந்ததைக் கண்டு மகிழ்ந்து, புதுப் போல்ட்டுகளைக் கொண்டு மாட்டினேன். மறுநாள் அந்தி வேளையில் வலப்புறம் திரும்ப ஸ்விட்சைத் தள்ளியபோது, முன்புறத்து வலது விளக்கு மின்னாமல் ஒரே சீராக எரிந்தது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே வலது விளக்கு அணையும் தணல் போல் மங்கிச் சிவந்திருந்தது. அத்தோடு, எரியவே கூடாத இடப்புறத்து விளக்குகள் இரண்டும் அதே மங்கலோடு கண் விழித்திருந்தன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. முன்புறத்து மஞ்சள் விளக்குகள் இரண்டிலும் மெல்லிய ஒளி படர்ந்தது. பிரேக்குக்கும் முன்விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

விளக்கு மின்னவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது பிளாஷர் என்னும் சிறு டப்பியை. பழைய வகைப் பிளாஷருக்குள்ளே நடப்பது எளிய காரியம்: விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் ஓர் உலோகத் தகட்டையோ மெல்லிய கம்பியையோ சூடாக்குகிறது, சூட்டில் அது வளைந்து அல்லது நீண்டு தொடர்பை அறுக்கிறது, ஆறியதும் பழைய நிலைக்கு வந்து மறுபடி தொடர்பு கொடுக்கிறது. இரண்டு விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் ஓடினால்தான் அந்தச் சூடு அளவாக உண்டாகும். ஒரு விளக்கு எரியாவிட்டாலும் தாளம் கெட்டுவிடும். அதாவது, மின்னாமை என்பது பெரும்பாலும் பிளாஷரின் நோயன்று, வேறெங்கோ உள்ள நோயைப் பிளாஷர் எடுத்துச் சொல்லும் முறை. இதை அறியாமல் நான் மூன்று பிளாஷர்களை வாங்கி மாற்றினேன்.

பிறகு பாளையங்கோட்டையில் நாற்பது வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்து வரும் பெரியவர் ஒருவரிடம் போனேன். “பிளாஷரு மூணு மாத்தியாச்சு அண்ணாச்சி” என்றேன். அவர் பிளாஷரைத் தொடவே இல்லை. ஒரு முழம் கம்பியை எடுத்து, ஒரு நுனியைப் பாட்டரியின் மைனஸ் முனையில் வைத்து, மறு நுனியால் மட்கார்டின் அடியில் அழுத்திக் கீறினார். அடுத்த கணம் வலப்புறத்து விளக்குகள் இரண்டும் நல்ல வெளிச்சத்தோடு மின்னத் தொடங்கின. இடப்புறத்து விளக்குகள் இருண்டன. “தம்பி, கரண்டு வாரத எல்லாரும் பாக்காவ. அது திரும்பிப் போறத எவன் பாக்கான்?” என்று கேட்டுவிட்டுக் கம்பியை எடுத்தார். விளக்குகள் பழையபடி மங்கின.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கிற்று. வண்டியில் விளக்குக்குப் போக ஒரு கம்பிதான் இருக்கிறது. அங்கிருந்து பாட்டரிக்குத் திரும்புவதற்கு வண்டியின் இரும்புச் சட்டமே வழி. மெக்கானிக்குகள் எர்த்து என்று சொல்வது இதைத்தான். என் மட்கார்டின் மேல் சுட்டு ஏற்றப்பட்ட அந்த அழகிய கறுப்புப் பூச்சு, போல்ட்டுத் துவாரங்களுக்குள்ளும் புகுந்து, மட்கார்டைச் சட்டத்திலிருந்து மின்சார ரீதியில் பிரித்துவிட்டது. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரமோ சும்மா நிற்பதில்லை. வேறு எந்தச் சந்து கிடைத்தாலும் அதில் நுழைகிறது. வலது பின்விளக்கின் இழையைக் கடந்து மட்கார்டுக்கு வந்த மின்சாரம், அதே மட்கார்டில் நிற்கும் இடது பின்விளக்குக்குள் தலைகீழாகப் புகுந்து, அதன் கம்பி வழியே முன்னால் சென்று, இடது முன்விளக்கின் இழையையும் தாண்டி, அங்குள்ள எர்த்தில் இறங்கிற்று. ஒரு விளக்குக்கு உரிய 12 வோல்ட்டை மூன்று விளக்குகள் பங்கிட்டுக்கொண்டதால் மூன்றும் மங்கின. பிரேக்கை மிதித்தபோது முன்விளக்குகளில் ஒளி படர்ந்த ரகசியமும் இதுவே.

இங்கே ஒரு பரீட்சை முறையைப் பற்றி என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கையில் மல்டிமீட்டர் வைத்திருக்கும் இளைஞர்கள், கம்பியின் இரு நுனிகளிலும் ஊசிகளை வைத்து, அது ‘பீப்’ என்று கூவினால் கம்பி நன்றாயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் நம்புவதில்லை. பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்று மட்டும் அறாமல் இருந்தாலும், மீட்டர் அனுப்பும் அற்ப மின்சாரத்துக்கு அது ராஜபாட்டை. விளக்குக்கு வேண்டிய மின்சாரம் வரும்போதுதான் அது ஒற்றையடிப்பாதை என்று தெரியும். ஆகவே விளக்கை எரியவிட்டபடியே அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஓர் ஊசியை விளக்கின் உலோகக் கூட்டிலும் மற்றதைப் பாட்டரியின் மைனஸ் முனையிலும் தொடுங்கள். எர்த்து நன்றாயிருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டு காட்டினால், அந்த அரை வோல்ட்டு உங்கள் விளக்கிலிருந்து களவு போகிறது. ஒளி விஷயத்தில் இந்தக் களவு அற்பமன்று: இழை விளக்குக்குக் கிடைக்கும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பத்து வாட் பல்புகள் இரண்டுக்கு 12 வோல்ட் வண்டியில் சுமார் 1.7 ஆம்பியர் ஓடினால், 6 வோல்ட் வண்டியில் 3.3 ஆம்பியர் ஓடியாக வேண்டும். மின்சாரம் இரட்டிப்பதால் அதே துரு இரண்டு மடங்கு வோல்ட்டை விழுங்கும். விழுங்கப்படுவதோ பாதியளவே உள்ள கையிருப்பிலிருந்து. ஆகவே நஷ்டம் நான்கு மடங்கு. பழைய 6 வோல்ட் வண்டியின் விளக்குகள் எப்போதும் மங்கல்தான் என்று சொல்கிறவர்களில் பலர், புது எர்த்துக் கம்பி போட்டுப் பார்க்காமலே அப்படிச் சொல்கிறார்கள்.

முன்விளக்குகளுக்கும் இதே கதைதான். தனி எர்த்துக் கம்பி இல்லாத வண்டிகளில், முன்பக்கத்து மின்சாரம் கைப்பிடித் தண்டின் கழுத்திலுள்ள குண்டுகளின் வழியாகவே சட்டத்துக்கு வர வேண்டும். அந்தக் குண்டுகளைச் சுற்றியிருப்பது கிரீஸ். கைப்பிடியை ஒரு பக்கம் ஒடித்தால் எரிந்து மறுபக்கம் ஒடித்தால் அணையும் விளக்குக்குக் காரணம் ஒன்று இதுவாயிருக்கும், அல்லது அதே கழுத்தில் லட்சம் முறை வளைந்து உறைக்குள்ளேயே முறிந்த கம்பியாயிருக்கும்.

பழைய இங்கிலீஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லூகாஸ் மின்சாமான்கள் பொருத்திய அந்த வண்டிகள் பலவற்றில் சட்டத்தோடு சேர்ந்திருப்பது பாட்டரியின் பிளஸ் முனை. எர்த்துக் கம்பியின் நிறமும் சிவப்பு. நமது வழக்கப்படி சிவப்பை மின்சாரம் வரும் கம்பி என்று எண்ணிக் கை வைத்தால் விபரீதம். சூட்டினால் இயங்கும் பழைய பிளாஷருக்குப் பிளஸ் மைனஸ் பேதம் இல்லை. எலக்ட்ரானிக் பிளாஷருக்கு உண்டு, மாற்றிக் கொடுத்தால் அது உயிரை விட்டுவிடும்.

எல்.இ.டி. பல்பு போடுகிறவர்களுக்கும் அந்த எலக்ட்ரானிக் பிளாஷர் அவசியம். அந்த அற்ப மின்சாரத்தில் பழைய தகடு சூடாகாது. சில வண்டிகளில் டயலிலுள்ள ஒற்றைச் சைகை விளக்கு இடது வலது கம்பிகளுக்கு நடுவே கட்டப்பட்டு, எதிர்ப்பக்கத்து இழைகளையே எர்த்தாகக் கொண்டிருக்கும். அங்கே எல்.இ.டி. போட்டால், சைகை விளக்கின் வழியே கசியும் சொற்ப மின்சாரமே எதிர்ப்பக்கத்தையும் எரிக்கப் போதுமானதாகி, நான்கு விளக்குகளும் சேர்ந்து மின்னும். சைகை விளக்கின் இந்த இணைப்பைப் பிரித்து, இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு டயோடு வைத்து, மறுமுனையை எர்த்தில் சேர்த்துவிட்டால் அது தீரும்.

என் வண்டிக்கு வருகிறேன். பாட்டரியைப் பிரித்து வைத்துவிட்டு, மட்கார்டின் உட்புறத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தில், ஒரு காலணா அகலத்துக்குப் பூச்சை உப்புத்தாளால் சுரண்டினேன். அந்தப் பளபளப்பின் மேல் கை வைக்க வருத்தமாகத்தான் இருந்தது. வெள்ளை இரும்பு தெரிந்ததும் அங்கே ஒரு போல்ட்டைப் பூட்டி, அதிலிருந்து பாட்டரியின் மைனஸ் முனைக்கு நேரே ஒரு கறுப்புக் கம்பி இழுத்து, துருப்பிடிக்காதிருக்க வாசலைன் தடவினேன். முன்விளக்குகள் இரண்டுக்கும் அவ்வாறே தனித்தனிக் கம்பி போட்டேன். பிறகு ஸ்விட்சைத் தள்ளினேன். முகப்பு விளக்கின் கூட்டிலுள்ள ஆம்மீட்டர் முள், விளக்கு மின்னும்போதெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து மீண்டது. இனி பின்னால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு விளக்குகளும் எரிகையில் முள் எவ்வளவு தூரம் சாய்கிறதென்று கண் பழகிவிட்டது, ஒன்று அணைந்தால் சாய்வு பாதியாகும்.

அந்த மூன்று பிளாஷர்களையும் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, மூன்றும் நல்லவையே என்று சொல்லி, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்தார்.

(தொடரும்)